உப்பு நீரா, பழுதான இணைப்பா?

பாலாற்றுப் படுகையில் கிணறு வைத்திருக்கும் விவசாயிக்குத் தண்ணீர் உவர்ப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் கூடங்களுக்குப் பச்சைத் தோல்கள் கெடாதிருக்க உப்பிட்டு வருகின்றன. அவற்றை முதலில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி நீக்குவர். அவ்வாறு கழுவிய நீர் பல்லாண்டுகளாக நிலத்திலும் ஆற்று மணலிலும் இறங்கியதன் விளைவைத்தான் இன்று நாம் இறைத்துக் கொண்டிருக்கிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் முதற்கட்டக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டுகிறது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டதாக அக்கணக்கெடுப்பு கூறியது. பாலாற்று மாசு பற்றிய வழக்கில் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்துள்ளது.

கிணற்று உப்பு ஒரே அளவில் நிற்பதன்று. மழைக்குப்பின் குறையும்; கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க ஏறும். மோட்டாரைப் போட்டவுடன் ஓர் அளவும், நான்கு மணி நேரம் இறைத்தபின் வேறோர் அளவும் இருக்கக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறை குப்பியில் எடுத்துச் செல்லும் நீர், எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். ஆகவே கிணற்றிலேயே உணர்கருவிகளை இறக்கி, உள்ளங்கை அளவுள்ள ஒரு கணிப்பொறியைக் கொண்டு மணிக்கு ஒருமுறை அளந்து குறித்து வைப்பது பயனுள்ள முறையாகும். பாலிடெக்னிக் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவரே இதைக் கட்டிவிடலாம். கட்டுவது எளிது. கட்டிய ஆறாவது மாதம் அது காட்டும் எண் மெய்தானா என்று அறிவதுதான் கடினம். எந்த உப்பை அளக்க இக்கருவியை வைக்கிறோமோ, அதே உப்புதான் இதன் இணைப்புகளை முதலில் தின்கிறது. எனவே எண் மாறும்போது மாறியது தண்ணீரா, கம்பியா என்று பிரித்தறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

கருவியின் அமைப்பு

ராஸ்பெரி பை என்ற பெயரில் 2012 முதல் விற்பனையில் உள்ள ஒற்றை அட்டைக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் என்ற இயக்க முறையில் இது வேலை செய்கிறது. அட்டையின் ஓரத்தில் இரு வரிசையாக 40 ஊசிமுனைகள் இருக்கும். முதல் முனையில் 3.3 வோல்ட், இரண்டாம் முனையில் 5 வோல்ட், ஆறாம் முனை தரை. செய்தி வாங்கும் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. 5 வோல்ட்டில் ஓடும் உணர்கருவி அட்டையின் செய்திக் கம்பியை நேரே இதில் மாட்டினால் முனை எரிந்துபோகும். அதைப் பழுது பார்க்க இயலாது.

நீரின் வெப்பத்தை அளக்க டி.எஸ். 18பி20 என்ற உணர்கருவி பயன்படுகிறது. எஃகுக் குழலில் அடைத்து மூன்று கம்பிகளுடன் கிடைக்கும். பெரும்பாலும் சிவப்பு மின்சாரம், கறுப்பு தரை, மஞ்சள் செய்தி. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் நிறம் மாறலாம் என்பதால் உடன் வரும் தாளைப் பார்த்தே மாட்ட வேண்டும். செய்திக் கம்பி ஏழாம் முனைக்குச் செல்லும். நீரின் உப்பை அறிய மின்கடத்துதிறனை அளக்கும் முளை ஒன்று உண்டு. ஆனால் இக்கணிப்பொறி ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை நேரே படிக்காது. ஆகையால் முளையின் அட்டைக்கும் கணிப்பொறிக்கும் நடுவே ஏ.டி.எஸ். 1115 போன்ற ஒரு மாற்றி அட்டை தேவை. அதன் இரு செய்திக் கம்பிகள் மூன்றாம், ஐந்தாம் முனைகளில் சேரும்.

மின்கடத்துதிறனை டெசிசைமன் என்ற அலகில் குறிக்கிறோம். பழைய ஆய்வு அட்டைகளில் மில்லிமோஸ் என்று கண்டிருப்பீர்கள், இரண்டும் ஒன்றே. பாசன நீரில் 0.7 வரை கவலை இல்லை. 3.0-க்கு மேற்பட்டால் கடுமையான கட்டுப்பாடு தேவை. விளைச்சல் குறையாமல் இருக்கக் கரும்புக்கு 1.1, நெல்லுக்கு 2.0, நிலக்கடலைக்கு 2.1 வரை ஏற்கும் என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

85 என்ற எண்

உங்கள் கருவியில் நீர் வெப்பம் 85 டிகிரி என்று எப்போதாவது தோன்றினால் அதை வேடிக்கையாக எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். இந்த ஒரு கோளாறு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்யக்கூடியது.

டி.எஸ். 18பி20-க்கு மின்சாரம் கிடைத்தவுடன், இன்னும் ஒன்றும் அளக்காத நிலையில், அதன் நினைவில் நிற்கும் எண் 85. அளந்து முடிப்பதற்குள் மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அது மீண்டும் 85-க்கே திரும்பிவிடும். களிம்பு ஏறிய இணைப்பிலும், ஆடும் திருகிலும், இளைத்த கம்பியிலும் இவ்வாறு நேரும். கணிப்பொறியின் பார்வையில் இதில் பிழை ஏதுமில்லை. செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்தது, எண் 85, அவ்வளவுதான்.

இனி இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீர் சூடாக இருந்தால் மின்சாரத்தை அதிகம் கடத்தும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதம். அதனால் எல்லா அளவுகளையும் 25 டிகிரிக்கு மாற்றியே கணிப்பொறி காட்டுகிறது. முளை அளந்தது 4.4 என்றும், நீரின் உண்மை வெப்பம் 30 டிகிரி என்றும் கொள்வோம். 5 டிகிரிக்கு 10 சதம் கழிய வேண்டும், 4.4-ஐ 1.1-ஆல் வகுத்தால் 4.0. இது நெல்லுக்கு ஆகாத நீர். ஆனால் வெப்பம் 85 என்று வந்துவிட்டால் 60 டிகிரி கூடுதல் என்று கருதி, கணிப்பொறி 4.4-ஐ 2.2-ஆல் வகுக்கும். விடை 2.0. அதாவது நெல்லுக்கு ஏற்ற நீர்! ஒரு கம்பியில் ஏறிய களிம்பு, கெட்ட நீரைப் பாதி உப்புள்ள நீராகக் காட்டிவிட்டது. அதை நம்பி நாற்றங்காலுக்குப் பாய்ச்சினால் நாற்று கருகும். பிறகு விதையையும் உரத்தையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே நிரலை எழுதித் தரும் இளைஞரிடம் இரண்டு செய்திகளைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெப்பம் சரியாக 85 என்று வந்தால் அதைத் தள்ளிவிட்டு மறுமுறை அளக்க வேண்டும்; மீண்டும் அவ்வாறே வந்தால் உப்பின் அளவைக் காட்டவே கூடாது. உணர்கருவி பதில் சொல்லாதபோது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிராமல் ‘அளவு இல்லை’ என்று காட்ட வேண்டும். பல நிரல்கள் முந்தைய எண்ணை அப்படியே திரையில் நிறுத்தி வைக்கின்றன. நேற்று அறுந்த கம்பி இன்றும் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். மணியையும் நாளையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டச் செய்வது நலம். மின்தடைக்குப்பின் இணையத் தொடர்பு கிடைக்கும்வரை இவ்வகை அட்டைகளின் கடிகாரம் தவறாக ஓடக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

எண்ணைப் பார்த்து நோயை அறிதல்

பயிரின் இலையைப் பார்த்துச் சத்துக் குறையைச் சொல்வதுபோல, வரும் எண்ணின் போக்கைப் பார்த்தே கோளாறு இருக்கும் இடத்தை ஓரளவு ஊகிக்கலாம். உப்பின் அளவு எப்போதும் சுழியாகவே நின்றால் முளையின் அட்டைக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது செய்திக் கம்பி தரைக்கம்பியோடு ஒட்டியிருக்கிறது, அல்லது முளை நீருக்கு மேலே தொங்குகிறது. கோடையில் மூன்றாவது காரணத்தை முதலில் பாருங்கள். எண் காரணமின்றி அலைந்துகொண்டே இருந்தால் மாற்றி அட்டைக்கு வரும் கம்பி அறுந்திருக்கலாம். எதனோடும் சேராத முனை காற்றில் மிதப்பதுபோல் எதையாவது காட்டும். உண்மையான உப்பு மெல்லத்தான் ஏறும், மெல்லத்தான் இறங்கும். ஒரு நிமிடத்தில் 1.5-லிருந்து 6-க்குத் தாவி மீண்டும் 1.5-க்கு வருவது தண்ணீர் செய்யும் வேலையன்று.

மோட்டார் ஓடும்போது மட்டும் எண் துள்ளுகிறதா? அப்போது ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதே நீரைப் பிடித்துத் தரையில் வைத்து, முளையை அதில் இட்டு அளக்கவும். வாளியில் எண் அமைதியாக இருந்து கிணற்றில் மட்டும் துள்ளினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். உணர்கருவிக் கம்பியும் மோட்டார் கேபிளும் ஒன்றாகக் கட்டப்பட்டு இறங்குவது ஒன்று. அவற்றைப் பிரித்து, ஒரு முழமாவது இடைவெளி விட்டு இறக்கினால் சரியாகும். மற்றொன்று, நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து மின்சாரம் நீரில் கசிவது. இது கருவியைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று, உயிரைப் பற்றியது. உடனே மோட்டாரை நிறுத்தி, மின்பணியாளரைக் கொண்டு எர்த் இணைப்பையும் மோட்டாரையும் சோதிக்கும்வரை கிணற்று நீரில் இறங்கவோ கை வைக்கவோ கூடாது.

இணைப்புகளைச் சோதித்தல்

எதைத் தொடுமுன்னும் கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சுவிட்சைத் திடீரென்று அணைத்தால் அதன் நினைவட்டை கெட்டுவிடும். பம்பு செட் கொட்டகையில் அடிக்கடி மின்சாரம் போகுமாதலால், சிறு பாட்டரி ஒன்றை இடையில் வைத்தல் செலவுக்குத் தகும்.

முதலில் கண்ணால் பாருங்கள். செம்புக் கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா? தோல் பதனிடும் கூடத்தின் கழிவு வாய்க்கால் அருகில் உங்கள் நிலம் இருந்து, அழுகிய முட்டை வாடை வருமானால், கம்பி கறுத்துப் போயிருக்கவும் கூடும். மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடிலிருந்து எழும் வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். ஊசிமுனையில் செருகும் ஜம்பர் கம்பிகள் மேசைமேல் பரிசோதனைக்கு ஏற்றவை. கிணற்று மேட்டில் ஒரு மழைக்காலம் தாங்கா. களிம்பு ஏறிய நுனியைச் சுரண்டி மீண்டும் செருகுவது நாலு நாள் வைத்தியம். நுனியை வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரிய உரித்து, பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். கூட்டு எதுவும் நீருக்கடியில் இருக்கலாகாது. கேபிளைப் பெட்டியின் அடிப்புறமாகவே நுழைத்து, நுழையுமுன் தாழ ஒரு வளைவு விடுங்கள். வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளைகளை அடைக்காவிட்டால் ஸ்டார்ட்டர் பெட்டியில் புகும் பல்லி இதிலும் புகும்.

அடுத்து மல்டிமீட்டர். மின்பணியாளர் வைத்திருக்கும் சாதாரண மீட்டரே போதும். மின்சாரத்தைக் கொடுத்து, கணிப்பொறி முனையில் 3.3 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே அளவு உணர்கருவி முனையிலும் வருகிறதா என்று பாருங்கள். முன்னதில் இருந்து பின்னதில் குறைந்தால் இடையில் உள்ள கூட்டில்தான் குறை. மீட்டர் முட்களால் இரண்டு ஊசிமுனைகளை ஒருசேரத் தொட்டுவிடாமல் கவனம் தேவை. 5 வோல்ட் முனையில் 4.6-க்கும் கீழே இறங்கினால் குற்றம் மின்சாரம் தரும் அடாப்டரிலோ அதன் கம்பியிலோ உள்ளது. திரை மாட்டியிருந்தால் அப்போது மின்னல் குறி தோன்றும். பழைய கைப்பேசி சார்ஜரைக் கொண்டு ஓட்டுபவர்கள் இக்குறியை அடிக்கடி காண்பர்.

வெப்ப உணர்கருவி தொடச் சுட்டால் மின்சாரமும் தரையும் மாறி மாட்டப்பட்டுள்ளன என்று பொருள், உடனே கழற்றவும். அதன் மின்சாரக் கம்பிக்கும் செய்திக் கம்பிக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்களால் அதை அறியலாம். இது விடுபட்டால் உணர்கருவி கணிப்பொறியின் கண்ணுக்கே தெரியாது.

கணிப்பொறியையே கேட்டல்

கம்பிகள் சரியாக இருந்தும் எண் வரவில்லை என்றால், உணர்கருவி தனக்குத் தெரிகிறதா என்று கணிப்பொறியையே கேட்கலாம். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் ஐ-டூ-சி, ஒன்-வயர் ஆகிய இரண்டும் இயக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். நினைவட்டையை மாற்றியபின் இவற்றை இயக்க மறந்துவிடுவது வழக்கம். மாற்றம் செய்தால் கணிப்பொறியை மறுபடி துவக்க வேண்டும். வெப்ப உணர்கருவி தெரிந்தால் ஒன்-வயர் கருவிகளின் அடைவில் 28 என்று தொடங்கும் ஒரு பெயர் இருக்கும். மாற்றி அட்டையைத் தேட ஐ-டூ-சி-டிடெக்ட் என்ற ஆணை உண்டு. கட்டம் கட்டமாகக் கோடுகள் தோன்றி, அவற்றினிடையே 48 என்ற எண் வந்தால் அட்டை நலம். வெறும் கோடுகளே வந்தால் மின்சாரத்தையும், மூன்றாம் ஐந்தாம் முனைக் கம்பிகள் இடம் மாறியுள்ளனவா என்பதையும் பாருங்கள். தேடல் மிக மெதுவாக ஊர்ந்தால், பெரும்பாலும் ஒரு செய்திக் கம்பி தரையோடு ஒட்டியிருக்கிறது.

இந்த ஐ-டூ-சி இணைப்பு ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டியது. வீட்டில் கணிப்பொறியும் கிணற்றில் மாற்றி அட்டையுமாக நீண்ட கம்பி இழுத்தவர்களுக்கு எண் வந்தும் வராமலும் தொல்லை தரும். கணிப்பொறி, மாற்றி அட்டை இரண்டையும் கிணற்று மேட்டுப் பெட்டியிலேயே வைப்பது நல்லது. வெப்ப உணர்கருவியின் கம்பி நல்ல கேபிளாக இருந்தால் கிணற்று ஆழத்துக்குத் தாங்கும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். கம்பி, அடாப்டர், அட்டை மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டால் கருவி சரியாகும்; எது கெட்டிருந்தது என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே கெட்ட கம்பியை வேறிடத்தில் மாட்டுவீர்கள்.

தெரிந்த நீரில் அளத்தல்

மேற்சொன்ன யாவும் கருவி உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். அது மெய் சொல்கிறதா என்றறிய, உப்பின் அளவு தெரிந்த நீரில் முளையை இட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முளையை நன்னீரில் கழுவி, துடைத்து, காற்றில் பிடித்தால் சுழி காட்ட வேண்டும். பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் இட்டால் சுழியை ஒட்டியே இருக்க வேண்டும். பின்பு அந்த நீரை 5 லிட்டர் அளந்து, 5 கிராம் சமையல் உப்பைக் கரைத்து அளந்தால் ஏறத்தாழ 2 டெசிசைமன் காட்டும். 5 கிராமை நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். கைப்பிடிக் கணக்கு உதவாது. கிணற்று நீரில் கரைத்தும் பயனில்லை, அதில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதுதானே கேள்வி. இன்னும் துல்லியம் வேண்டுவோர் ஆய்வகப் பொருள் கடைகளில் 1.41 டெசிசைமன் திட்டக் கரைசலைக் கேட்டு வாங்கலாம்.

இந்த மூன்று நீரிலும் எண் சரியாக வந்து, கிணற்றில் மட்டும் அதிகம் காட்டினால் கருவியைக் குறை சொல்வதற்கில்லை. உப்பு தண்ணீரில் இருக்கிறது. மூன்றிலும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டினால் முளையில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கலாம். சிறிது வினிகரில் ஊறவைத்து, கழுவி, மறுபடி அளக்கவும். உலோக முளையை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் அதன் பரப்பையே மாற்றிவிடுகிறார்கள்.

இக்கருவி கரைந்துள்ள மொத்த உப்பை மட்டுமே காட்டும். குரோமியம் இருக்கிறதா, சோடியம் எவ்வளவு என்பதை இது அறியாது. 1.0 காட்டும் நீர் எல்லா வகையிலும் தூயது என்று கொள்ளக்கூடாது. விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு கொடுக்க வேண்டியதும் ஆய்வக அறிக்கையே. உங்கள் கருவியின் குறிப்பேடு அதற்குத் துணையாக நிற்கும், எந்த நாளில் எந்த நேரத்தில் நீர் மாதிரி எடுப்பது என்றும் காட்டிக்கொடுக்கும். உப்பு மிகுந்து காணும் நேரத்தில் மோட்டாரை அரைமணி ஓட்டியபின், சுத்தமான அரை லிட்டர் குப்பியை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி, நிரப்பி, பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர், எடுத்த நாள், அப்போது கருவி காட்டிய எண் ஆகியவற்றை எழுதி ஒட்டி, விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள மண் மற்றும் நீர் ஆய்வுக்கூடத்தையோ அணுகவும். குரோமியத்தையும் பார்க்க வேண்டுமானால், எத்தகைய குப்பியில் எப்படி எடுப்பது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.